நனைந்த சிமெண்ட் மூட்டை

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சேது சமையலறை வாசலில் வந்து நின்று, "ஜனவரியில நாசிக் போறோம்" என்றார். "திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு ரிசார்ட். மூணு நாள்."

"யாரு?"

"நாமதான். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுதில்ல?"

"அங்க போயி என்ன பண்றது?"

"ஒயின் ருசி பாக்கலாம்."

தோசை கருகிவிட்டது. கோபத்தில் அதையே அவர் தட்டில் வைத்தேன். மறுபேச்சில்லாமல் தின்றுவிட்டுக் கை கழுவினார்.

சேது டீ டேஸ்டர். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில், ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு டீயையும் உறிஞ்சித் துப்பி அதற்கு மதிப்புப் போடுகிறவர். நாக்கு கெட்டுவிடும் என்று குடியை விடுங்கள், பச்சை வெங்காயத்தைக் கூடத் தொடமாட்டார். மூக்கு மழுங்கிவிடும் என்று இந்த வீட்டில் ஊதுபத்தி கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. நான் தலையில் மல்லிகை வைத்துக்கொள்வது வெளியூர்க் கல்யாணங்களுக்கு மட்டும்தான். இப்படி இருபத்தைந்து வருடம் ஓட்டிய மனிதர், ஒயின் என்கிறார்.

புரியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

யாழினி பூனாவிலிருந்து பேசினாள். அறை பதிவு செய்கிற பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறாராம். எனக்கு முன்னால் மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அம்மா, ரூம் செம்மயா இருக்கு. பால்கனில நின்னா கீழ முழுக்க திராட்சைக் கொடி, அந்தப் பக்கம் அணைத் தண்ணி. நீ திராட்சைய மிதிக்கப் போறியா? பெரிய தொட்டில இறக்கி விடுவாங்க."

"யாரோ குடிக்கப்போறதை நான் ஏன் மிதிக்கணும்?"

"சும்மா ஒரு ஜாலிக்கும்மா. ஆனா அப்பாவைத்தான் புரியல. நீச்சல்குளம் இருக்கற ரூம் வேணாங்கறார், படகுச் சவாரி வேணாங்கறார், மசாஜ் வேணாங்கறார். ஏதோ வாசனை கண்டுபிடிக்கிற வகுப்பாம், அதை மட்டும் மூணு நாளும் போடச் சொல்றார்."

"அவர் தொழில் அப்படி."

"லீவுல போயும் தொழிலா? நீ இருபத்தஞ்சு வருஷமா எப்படிம்மா சமாளிச்சே?"

பதில் சொல்வதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. நல்லதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

குளியலறைச் சுவரில் ஒழுகுகிறது. மூன்று நாளாகக் கொத்தனார் வேலை. நேற்று பெய்த மழையில் பின்கட்டில் வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகள் நனைந்து, இரண்டு கட்டியாகிவிட்டன. கொத்தனார் மழையைத் திட்டினார், நான் கொத்தனாரைத் திட்டினேன்.

மாலையில் சேது வழக்கம்போல் சாம்பிள் டீ போட்டுக் கொண்டுவந்தார். இது ஒரு புதிய பழக்கம். ஆகஸ்டில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது விட்டு ஆபீசுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து, தினமும் நான்கைந்து சாம்பிள் பொட்டலங்களோடு வீடு திரும்புகிறார். பால், சர்க்கரை இல்லாமல் கோப்பைகளில் வடித்து என் முன் வைத்து, "இது எப்படி இருக்கு, சொல்லு" என்கிறார். முன்பெல்லாம் அவர் டீயைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் சிரிப்பார். இப்போது தலையைச் சாய்த்துக் கேட்கிறார். மறுபடி சொல்லச் சொல்கிறார்.

ஒரு கோப்பை ஒரு மாதிரி இருந்தது. "நனைஞ்ச சிமெண்ட் மூட்டை மாதிரி" என்றேன்.

"அப்படியா?"

"அப்படித்தான் இருக்கு."

"நனைஞ்ச சிமெண்ட் மூட்டை" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்லாச் சொல்றே, தமயந்தி."

என் பேரை அவர் முழுதாகச் சொல்லி எத்தனையோ நாளாகிறது. இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. கல்லூரியில் நான் நடத்துகிற புள்ளியியல் பாடத்தின் இரண்டாம் ஆண்டு விடைத்தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன.

நவம்பர் 22, சனி

துவைக்கப் போட்ட கைக்குட்டையில் ரோஜா வாசனை.

எஸ்தர்தான் முதலில் சொன்னாள். வீட்டு வேலைக்கு வரும் அவள் எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ள மாட்டாள். "டீச்சர், ஐயா செண்ட் போட ஆரம்பிச்சிட்டாரா? ஒயின் ஊருக்குப் போறார், செண்ட் போடறார். பாத்துக்கங்க."

"ஆபீஸ்ல யாரோடதாவது மேல பட்டிருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. எஸ்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நவம்பர் 23, ஞாயிறு

சந்தேகம் எதுவும் இல்லை. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தேவாலயத் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறக்கிறேன், வீடு முழுவதும் கேஸ். அடுப்பில் திருகு திறந்து கிடக்கிறது, தீ இல்லை. பால் பொங்கி அணைத்திருக்கிறது. சேது சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து, போனில் அந்த ரிசார்ட்டின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுப்புக்கும் அவருக்கும் நாலடி தூரம்.

ஓடிப்போய் மூடி, ஜன்னல்களைத் திறந்தேன்.

"என்னாச்சு?" என்றார்.

"என்னாச்சா? கேஸ்! நீங்க எங்க இருக்கீங்க? மனசை எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கவனிக்கல" என்றார்.

ஏலக் கூடத்துக்குள் யாரோ தைலம் தடவிக்கொண்டு வந்தால் மாடியிலிருந்து சொல்கிற மனிதர். அவர் மனம் இந்த வீட்டில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மனம் வேறெங்கோ இருக்கிறவர் அங்கே என்னையும் ஏன் கூட்டிக்கொண்டு போக வேண்டும்? ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

சேது மல்லிகைப்பூ வாங்கி வந்தார். இரண்டு முழம்.

"உங்க மூக்கு?" என்றேன்.

"வெச்சுக்கோ. பரவால்ல."

கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டேன். உப்பு ஒரு சிட்டிகை கூடினால் இன்றும் சொல்லிவிடுகிறார். ஆனால் போன வாரம் அடிப்பிடித்த பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தப்பு செய்தவர்கள்தான் இப்படி அனுசரணையாக இருப்பார்கள் என்று எங்கள் துறைத் தலைவி ஒருமுறை சொன்னாள். அவள் சொன்ன எதையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை.

யாழினி ரயிலா விமானமா என்று கேட்டு மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். கோவையிலிருந்து மும்பைக்கு விமானம், அங்கிருந்து கார் என்று நானே முடிவு செய்து சொன்னேன். போகத்தான் போகிறேன் போலிருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

மாலை கல்லூரி அலுவலர் மகள் கல்யாண வரவேற்புக்குப் போனோம். சேது மணமக்களுக்குக் கை கொடுக்க வரிசையில் நின்றார். நான் சாப்பாட்டுக் கூடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தவர் பெள்ளிராஜ். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் சின்ன டீ ஃபேக்டரி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு ஒன்றிரண்டு முறை வந்திருக்கிறார்.

"அக்கா, சாரு இப்பல்லாம் பேசறதே தனி" என்றார். "முன்னாடி அவரு போடற குறிப்பு நாலு வார்த்தைதான். இப்ப பாத்தீங்கன்னா, ஒரு டீயை 'புது நோட்டுப் புத்தகம் திறந்த மாதிரி'ங்கறாரு. இன்னொண்ணை 'வெயில்ல காஞ்ச போர்வை'ங்கறாரு. ஏலத்துக்கு வர்றவங்கல்லாம் அதைப் பேசிக்கிட்டுத் திரியறாங்க."

என் கையில் இருந்த அப்பளம் உடைந்தது. புது நோட்டுப் புத்தகம் நான் சொன்னது. போர்வையும் நான் சொன்னது.

"உங்க டீக்கு என்ன சொன்னார்?"

"அதை ஏன் கேக்கறீங்க! 'நனைஞ்ச சிமெண்ட் மூட்டை'ன்னுட்டாரு. மதிப்பை இறக்கிட்டாரு. மூணு ஏலமாச்சு, சரக்கு விக்கவே இல்ல. இலை குடுத்தவங்க வாசல்ல வந்து நிக்கறாங்க. ஆனா சாரு சொன்னா தப்பு இருக்காதுக்கா. நம்ம டிரையர்தான் சரியா காய வெக்கல போல. கழட்டிப் போட்டுட்டேன். புதுசு வாங்க பேங்குல கேட்டிருக்கேன்."

"நல்லாப் பாத்துட்டுச் செய்யுங்க" என்று சொன்னேன்.

காரில் திரும்பும்போது சேது, "பெள்ளிராஜ் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"கல்யாணச் சாப்பாடு நல்லா இருக்குன்னார்."

டிசம்பர் 13, சனி

டிபன் டப்பாவை எடுக்க அவர் பையைத் திறந்தேன். அடியில் நான்கு சின்ன பாட்டில்கள். ரோஸ் எசென்ஸ், எலுமிச்சை, கிராம்புத் தைலம், நீலகிரித் தைலம். ரோஸ் பாட்டிலின் மூடி சரியாக மூடாமல் கசிந்திருந்தது.

எந்தப் பெண்ணும் யாருக்கும் கிராம்புத் தைலம் கொடுத்து அனுப்பமாட்டாள். இதை எழுதியவுடன் எனக்கே சிரிப்பு வந்தது. இதுவரை நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதுதான் எழுத்தில் பார்க்கிறேன்.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. கருகிய தோசை. பாயசம். கேஸ். எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். எழுதிய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அல்லது வேறொன்று தோன்றிக்கொண்டே இருந்ததால் இது தோன்றவில்லை.

இன்னும் இது ஊகம்தான். ஊகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் போய்க் கேட்க முடியாது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒவ்வொரு வருடமும் முதலாண்டு மாணவிகளுக்கு நான் நடத்துகிற ஒரு சோதனை உண்டு. டீயில் பாலை முதலில் ஊற்றினார்களா, பிறகு ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்வேன் என்கிறாள் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகளைக் கலைத்து வைத்து அவளைச் சோதிக்கிறார்கள். அவள் சொல்வது ஞானமா, குருட்டு அதிர்ஷ்டமா என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவி, "மேடம், உங்க சார் கண்டுபிடிப்பாரா?" என்று கேட்பாள். வகுப்பே சிரிக்கும்.

இன்று எட்டுக் கோப்பைகள் வைத்தேன். எல்லாம் ஒரே டீ. நான்கில் அவருடைய ரோஸ் எசென்ஸ் இரண்டு சொட்டு.

"என்ன இது, இன்னைக்கு நீ டீ வெச்சிருக்கே?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கரண்டியை எடுத்தார். முதல் கோப்பையின் நிறத்தைப் பார்த்தார், சத்தமாக உறிஞ்சினார், வாய்க்குள் உருட்டி, பேசினில் துப்பினார்.

"நல்ல பிடிப்பு இருக்கு."

இரண்டாவது. "இது கொஞ்சம் வெளிறல்."

மூன்றாவது. "இதுல துவர்ப்பு தூக்கலா இருக்கு, இல்ல?"

மூன்றுமே ரோஜாத் தோட்டம் போல் மணத்தன. எனக்கு மூச்சே முட்டியது. அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். நான்காவது கோப்பைக்குக் கரண்டியைக் கொண்டுபோனபோது பின்கதவைத் தள்ளிக்கொண்டு எஸ்தர் வந்தாள்.

"என்ன டீச்சர், கேட்டுலேர்ந்தே ரோஸ்மில்க் வாசனை தூக்குது! எனக்கும் ஒரு கிளாஸ் உண்டா?"

சேது கரண்டியைக் கீழே வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

நான் எஸ்தரிடம் காசு கொடுத்துத் தேங்காய் வாங்கிவர அனுப்பினேன். வீட்டில் தேங்காய் இருந்தது.

"எதுல?" என்று கேட்டார்.

"பாதியில."

"எது பாதி?"

கையால் காட்டினேன். அவர் அந்தக் கோப்பைகளில் ஒன்றை எடுத்து மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிறகு வைத்துவிட்டார்.

"காய்ச்சலுக்கு அப்புறந்தான்" என்றார். "கசப்பு, துவர்ப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியுது. வாசனை சுத்தமா இல்ல. டாக்டர் நாலு பாட்டில் குடுத்து தினமும் மோந்து பாக்கச் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம்னார்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சோதிச்சுப் பாப்பே."

எட்டுக் கோப்பைகளும் எங்களுக்கு நடுவில் ஆறிக்கொண்டிருந்தன.

"அப்ப நாசிக்?"

"ஒயினுக்கு மூக்கைப் பழக்கற வகுப்பு. ஒண்ணுமே தெரியாதவனுக்கும் ஆனா ஆவன்னாவுலேர்ந்து சொல்லித் தருவாங்களாம். அங்க என்னை யாருக்கும் தெரியாது. தப்பா சொன்னாலும் யாரும் பேச மாட்டாங்க."

"நான் எதுக்கு?"

யோசித்தார். "சரியா சொல்றேனான்னு பாக்க ஒருத்தர் வேணுமில்ல?"

இது நல்ல பதிலா, கெட்ட பதிலா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. இந்த நான்கு மாதமும் என் எதிரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டது என்னையா, என் மூக்கையா? அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இன்னொன்று இருந்தது.

"பெள்ளிராஜ் டிரையரைக் கழட்டிட்டாராம்."

"ஆமா. டீ அப்படி இருந்ததே?"

"டீ எப்படி இருந்ததுன்னு எனக்குத் தெரியாதுங்க. அன்னைக்கு நம்ம பின்கட்டுல நனைஞ்ச சிமெண்ட் மூட்டை கிடந்தது. கொத்தனார் பாத்ரூம் பூசிட்டு இருந்தார். வீடே அந்த வாசனைதான்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். எஸ்தர் தேங்காயோடு வரும்வரை எடுக்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். அவர் பெள்ளிராஜிடம் தனியாகப் போகிறேன் என்றார். சிமெண்ட் என்று சொன்னது நான், அதனால் நானும் வருவேன் என்றேன்.

பெள்ளிராஜின் ஃபேக்டரி முற்றத்தில் டிரையர் துண்டு துண்டாகக் கிடந்தது. இலை மூட்டைகள் இல்லை. சேது நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், மூக்கு, சாம்பிள் பொட்டலங்கள், நான், கொத்தனார். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

பெள்ளிராஜ் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அப்ப என் டீக்கு உங்க வீட்டுக் கொத்தனார்தான் விலை வெச்சாரா சார்?"

சேது குனிந்து டிரையர் துண்டுகளைப் பார்த்தார்.

"சாரு சொன்னார்ன்னுதானே நான் மறுவார்த்தை பேசல? வேற எவனாவது சொல்லியிருந்தா சட்டையப் புடிச்சிருப்பேன்."

"இப்பவும் புடிக்கலாம்" என்றார் சேது.

"அக்கா நிக்கறாங்க. இல்லேன்னா புடிச்சிருப்பேன்."

நேராகச் சேதுவின் ஆபீசுக்குப் போனோம். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவர் கையில் அவருடைய கரண்டி மட்டும் இருந்தது. ஆகஸ்டிலிருந்து அவர் மதிப்புப் போட்ட சரக்கில் விற்காமல் நிற்பதையெல்லாம் வேறொருவர் மறுபடி ருசி பார்ப்பாராம். இவர் மார்ச் வரை விடுப்பில் இருக்கலாம். மூக்கு வந்தால் வரலாம்.

"வரலேன்னா?"

"வரலேன்னா வர வேண்டாம்."

ஒன்றை எழுத மறந்தேன். டீ ஃபேக்டரியில் எங்களுக்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

பெள்ளிராஜின் சரக்கு மறு ருசியில் நன்றாக வந்திருக்கிறது, விற்காமல் நின்றதெல்லாம் நேற்று ஏலத்தில் விற்றுப்போய்விட்டது என்று சேதுவின் ஆபீசிலிருந்து சொன்னார்கள். பழைய டிரையரையே மாட்டுகிறாராம். சேது போன் செய்தார். அவர் எடுக்கவில்லை. பிறகு என் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, டீ நல்லாத்தான் இருக்காம். சிமெண்ட் இல்லையாம். சாருகிட்ட சொல்லிடுங்க." அவ்வளவுதான். கோபமா, சமாதானமா என்று இரண்டு முறை கேட்டும் தெரியவில்லை.

சேது நாசிக்கை ரத்து செய்துவிடலாம் என்றார். ஒரு வாரமாக அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் எந்த அறையில் உட்காருவது என்றுகூடத் தெரியாதவர்போல் சுற்றுகிறார்.

"பணம் திரும்ப வராது" என்றேன். வரும் என்று யாழினி சொல்லியிருந்தாள்.

ஜனவரி 6, செவ்வாய்

இப்போது திட்டம் போடுவதெல்லாம் நான்தான். படகுச் சவாரி சேர்த்தாயிற்று. திராட்சை மிதிப்பது முதல் நாள் மாலைக்கு. வகுப்பு மூன்று நாளும் அப்படியே இருக்கட்டும் என்றேன், ஆனால் இரண்டு பேருக்கு.

"நீ ஏம்மா?" என்றாள் யாழினி. "உனக்குத்தான் மூக்கு நல்லா இருக்கே."

"நல்லா இருந்தா சிமெண்ட்டையும் டீயையும் பிரிச்சிருப்பேன்" என்றேன். அவளுக்கு விளக்க வேண்டியதாகிவிட்டது. விளக்கி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "அப்பாகிட்ட போனைக் குடு" என்றாள். அவர் போனை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

எஸ்தர் புதுச் செருப்பு வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். ஒயின் ஊரில் இந்தச் செருப்போடு போனால் உள்ளே விடமாட்டார்களாம்.

ஜனவரி 21, புதன்

மலை இறங்கி மேட்டுப்பாளையத்தில் பூக்காரியைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னேன். குளிருக்கு மல்லி கொஞ்சம்தான் வந்திருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். சேது பார்த்தார். விமானத்தில், காரில், நாளெல்லாம் அந்த வாசனை எனக்கு மட்டுமாக வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் எந்த மூக்குக்காக இதை விட்டிருந்தேனோ அந்த மூக்கு போன பிறகுதான் இது எனக்குக் கிடைத்திருக்கிறது. இதில் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

படத்தில் பார்த்தபடியேதான் இருக்கிறது இடம். கொடிகள், தண்ணீர், வெள்ளைத் துணி விரித்த மேசைகள். மாலை முதல் வகுப்பு. சொல்லித் தருகிற பெண் யாழினியைவிடச் சின்னவள். சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டினாள். நான் எலுமிச்சையை ஆரஞ்சு என்றேன். சேது ஒவ்வொன்றுக்கும், "ஒண்ணும் தெரியல" என்று சொன்னார். யார் முகத்தையும் பார்க்காமல், உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்தப் பெண் எதுவும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த குப்பியை எடுத்தாள்.

பிறகு பால்கனிக்கு வந்தோம். திராட்சை மிதித்ததில் எங்கள் இருவர் காலும் முழங்கால்வரை ஊதா. நான் அதைத் துடைக்கக் குனிந்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மல்லி" என்றார்.

நிமிர்ந்தேன். "என்னது?"

"ஏதோ ஒரு ஓரத்துல. வந்துச்சு, போயிடுச்சு." மறுபடி மூச்சை இழுத்தார். "மல்லிதானே?"

மல்லி என் தலையில் இருந்தது. அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. காலையில் நான் வாங்கியதை அவர் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு முறை சரியாகச் சொல்வது எதையும் நிரூபிக்காது. முதலாண்டு மாணவிக்குக்கூட இது தெரியும்.

"ஆமா, மல்லிதான்" என்றேன்.

நாளை கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்க வேண்டும். பூ அதற்குள் வாடிவிடும். இந்த ஊரில் பூ எங்கே விற்கிறார்கள் என்று காலையில் விசாரிக்க வேண்டும்.